வாசகர் கேள்வி – பதில்: ஆசிரியரைக் காணப் போகும்போது

கேள்வி: எனக்கு நாற்பத்தாறு வயது. கிண்ணியாவில் நான் படித்த காலத்தில் எனக்குக் கணிதம் கற்பித்த சேர், திருகோணமலை நகரிலிருந்து நாள்தோறும் வந்துபோவார். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் நான் சித்தியடைந்ததும், பின்னர் வங்கியில் வேலை பெற்றதும் அவராலேயே. இருபத்தைந்து ஆண்டுகளாக அவரைப் போய்ப் பார்க்கவில்லை. இளைப்பாறி உவர்மலையில் இருக்கிறார் என்று அண்மையில் அறிந்தேன். இனி எந்த முகத்துடன் போவது? எதைக் கொண்டு போவது? பணமாகக் கொடுத்தால் தவறாக எண்ணுவாரா?
– வாசகி, கிண்ணியா

பதில்: இந்தக் கிழமையே போங்கள். ‘எந்த முகத்துடன்’ என்ற தயக்கம் மாணவர் பக்கத்தில் மட்டுமே உள்ளது. முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ் கற்பித்து இளைப்பாறிய நான், வராத மாணவர்களைக் கணக்கெடுத்து வைத்தது கிடையாது. வந்தவர்களிலேயே பாதிப் பேருடைய பெயர் மறந்துவிட்டது. உங்கள் சேருக்கும் உங்களை உடனே அடையாளம் தெரியாமற் போகலாம். அதற்காக மனம் சுருங்கிவிடாதீர்கள். எந்த ஆண்டில் எந்த வகுப்பில் படித்தீர்கள், எந்த வாங்கில் இருந்தீர்கள், வாப்பா என்ன தொழில் செய்தார் என்பவற்றைச் சொன்னால், ஆசிரியரின் நினைவு பெரும்பாலும் அந்த வழியாகத் திரும்பிவரும்.

‘உங்களால்தான் நான் இந்த நிலைக்கு வந்தேன்’ என்று பொதுவாகச் சொல்வதோடு நின்றுவிடாமல், அவர் கற்பித்தவற்றுள் இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கும் ஒன்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். நான் இளைப்பாறியபோது நடந்த சேவைநலன் பாராட்டு விழாவில் எனக்கு மூன்று பொன்னாடைகள் போர்த்தினார்கள். அவை மூன்றும் அலுமாரியில் மடித்தபடி இருக்கின்றன. ஆனால் சில ஆண்டுகளின் பின், கிராம உத்தியோகத்தராக இருக்கும் பழைய மாணவர் ஒருவர் கடைத்தெருவில் என்னை மறித்து, ‘விண்ணப்பம் எழுதினால் கேட்க வந்ததை முதற் பந்தியிலேயே கேட்டுவிட வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் சொன்னீர்கள் சேர், சனங்களுக்கு நான் எழுதிக்கொடுக்கும் கடிதங்களை இன்றைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன்’ என்றார். அப்படிச் சொன்னதாக எனக்குச் சிறிதும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை இரண்டு தடவை சொன்னேன்.

இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, நகரிலிருந்து வந்த ஆசிரியர்கள் பாதையில் ஏறியே அக்கரை சேர்ந்தார்கள். பாதை என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு வீதிதான் மனத்தில் வரும். நான் சொல்வது, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் அந்த மிதவையை. அது மறுகரையில் நின்றுவிட்டால் வெயிலானாலும் மாரி மழையானாலும் காத்திருக்க வேண்டும். முதலாம் பாடவேளை கைநழுவிப் போகும். போர்க்காலத்தில் வழிநெடுகச் சோதனைச் சாவடிகளும் இருந்தன. உங்கள் சேர் முதலாம் பாடத்துக்கே வகுப்பில் நின்றிருந்தால், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டிருப்பார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கு அவர் கற்பித்ததுதானே. பின்னர் அதை அவரிடமே கேளுங்கள். இளைப்பாறிய ஆசிரியர்களிடம் எல்லோரும் சுகநலம் விசாரிக்கிறார்கள்; வேலைக்கு வந்துபோன வழியைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை.

பணத்தைக் கடித உறையில் இட்டு நீட்ட வேண்டாம். அவருக்கு உண்மையிலேயே முடை இருந்தால், அதை வீட்டாரிடம் தனியாக அறிந்து மருந்தாகவோ, மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வர வாகனமாகவோ செய்து கொடுக்கலாம். முதல் நாளுக்கு உங்கள் ஊர் எருமைத் தயிர் ஒரு சட்டி போதும். சீனி வருத்தம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து, இருந்தால் பாணிப் போத்தலை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

கேள்வி: ‘எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்’ என்பது ஔவையார் வாக்குத்தானே? ஆசிரியர் தின விழாவில் அப்படித்தான் சொன்னார்கள்.
– மாணவி, தம்பலகாமம்

பதில்: அன்று. அது அதிவீரராம பாண்டியர் இயற்றிய வெற்றிவேற்கையில் வருவது. அந்நூலுக்கு நறுந்தொகை என்ற பெயரும் உண்டு. ஆத்திசூடி, கொன்றைவேந்தனோடு அதையும் சேர்த்தே முற்காலத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் மேடைகளில் எல்லாம் ஔவையார் பெயருக்குப் போய்விடுகின்றன போலும். ஒக்டோபர் 6 ஆம் திகதி ஆசிரியர்களை வாழ்த்த மேடையேறுவோர், வரிக்கு உரியவரின் பெயரை முதல் நாளே ஓர் ஆசிரியரிடம் கேட்டு அறிந்துகொண்டால் நன்று.

கேள்வி: தம் ஆசிரியரைப் பாட்டில் நன்றியோடு போற்றிய பெரியோர் நம் கிழக்கிலங்கையில் உண்டா? மாணவர் மன்றத்தில் பேச வேண்டியுள்ளது.
– மாணவர், திருகோணமலை

பதில்: சுவாமி விபுலானந்தரைப் பற்றிப் பேசுங்கள். 1892 இல் காரைதீவில் பிறந்த அவர், தமக்கு இளமையில் தமிழும் ஆங்கிலமும் உணர்த்திய குஞ்சித்தம்பி ஆசிரியரைப் போற்றிச் செய்யுள் செய்திருக்கிறார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை முதன்முதலாக ஏற்றவர் அவர். யாழ் நூல் தந்தவர். இவற்றை எல்லாப் பேச்சாளரும் சொல்வார்கள். அத்தகைய ஒருவரின் செய்யுளில் ஊர் ஆசிரியர் ஒருவரின் பெயர் நிலைத்துவிட்டது என்பதைச் சொல்வோர் குறைவு. சுவாமிகள் நம் நகரின் இந்துக் கல்லூரியிலும் அதிபராகப் பணியாற்றியவர் என்பதால், உங்கள் மேடையில் அவர் விருந்தாளி அல்லர். அச்செய்யுளை நூலகத்தில் தேடி எடுத்து, சந்தி பிரித்து, நிறுத்தி வாசியுங்கள். பேச்சின் மற்றப் பகுதி சுருங்கினாலும் குற்றமில்லை.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் மிகத் திறமையானவர். அந்த ஆங்கிலத்தால்தான் இன்று ஹோட்டல் ஒன்றின் வரவேற்புப் பகுதியில் பொறுப்பாக இருக்கிறேன். ஆனால் அவர் கைநீட்டி அடிப்பார். என் தந்தை மீன்பிடித் தொழிலாளி என்பதால், என் கொப்பியில் மீன் மணக்கிறது என்று வகுப்பின் முன்னே மூக்கைப் பொத்திக் காட்டுவார். இப்போது பழைய மாணவர்கள் அவருக்கு விழா எடுக்கிறார்கள்; நிதி கேட்பதோடு என்னை வாழ்த்துரையும் வழங்கச் சொல்கிறார்கள். மறுத்தால் நன்றி மறந்தவன் ஆவேனா?
– வாசகர், நிலாவெளி

பதில்: ஆகமாட்டீர்கள். மாணவன் ஆசிரியரிடம் ஒழுக வேண்டிய முறையை நன்னூல் சொல்லும்போது, ‘அழலின் நீங்கான் அணுகான்’ என்று தொடங்குகிறது. குளிர்காய்பவன் நெருப்பை விட்டு விலகுவதும் இல்லை, அதன்மேல் விழுவதும் இல்லை. எந்த வகையில் ஆசான் மகிழ்வாரோ அந்த வகையில் நடக்கச் சொல்லும் அதே நூற்பா, ‘அறத்தின் திரியாப் படர்ச்சி’ என்று ஓர் எல்லையையும் இட்டு முடிகிறது. ஆசிரியரை மகிழ்விப்பதற்கு அறம் எல்லை என்று பவணந்தி முனிவர் அன்றே எழுதி வைத்திருக்க, மேற்கோள் காட்டுவோர் பலரும் அந்த இறுதி அடி வரும் முன்னரே நிறுத்திவிடுகிறார்கள்.

அடிப்பதைக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இப்போது தடைசெய்துள்ளது. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் அடித்தார்கள்’ என்று என் தலைமுறை ஆசிரியர்கள் சொல்வதுண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், இரண்டு மாணவர்களை அடித்தும் இருக்கிறேன், அவர்களுடைய பெயர்கள் மட்டும் மறக்கவில்லை. ஆனால் தந்தையின் தொழிலைக் காட்டி நகைப்பது எந்தக் காலத்திலும் கற்பித்தல் ஆகாது. அவர் தந்த ஆங்கிலத்துக்கு நீங்கள் கடன்பட்டவர்தான். மூக்கைப் பொத்தியதற்கும் சேர்த்து நன்றி சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

ஆதலால் நிதிக்கு உங்களால் இயன்றதைக் கொடுங்கள். வாழ்த்துரையை மறுத்துவிடுங்கள், புகழ்ச்சியை மட்டும் பேச உங்கள் நாக்கு எழாது, மற்றதைப் பேச அந்த மேடை இடம் தராது. காரணம் கேட்டால், அன்று ஹோட்டலில் கடமை என்று சொல்லிவிடலாம். விழா சனிக்கிழமை என்றால், நிலாவெளியில் அது உண்மையாகவே இருக்கும்.