தரையில் நிறுத்திய சோலார் பேனலுக்குக் கீழே வயரை எப்படிக் காப்பது? கேள்வி பதில்

கூரைக்கு மேலே இருக்கும் பேனலின் வயர் யார் கைக்கும் எட்டாது. தரையில் நிறுத்திய பேனலின் வயர் பிள்ளையின் கைக்கும் ஆட்டின் வாய்க்கும் புல் வெட்டும் மெஷினுக்கும் எட்டும். மலையகத்தின் பல ஊர்களிலிருந்து இதைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

வெலிமடையிலிருந்து: அண்ணே, மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் 12 பேனல் நிறுத்தியிருக்கிறோம். பின்னால் வயர் எல்லாம் தொங்குது. பூட்டினவரிடம் கேட்டால் "இது வெயில் மழைக்குச் செய்த வயர்தான், ஒன்றும் ஆகாது" என்கிறார். எல்லாவற்றையும் பீவீசி பைப்புக்குள் போட்டுவிட்டால் சரியா?

அவர் சொன்னது பாதி சரி. வயரின் மேலே எச்1இசட்2இசட்2-கே (H1Z2Z2-K) என்று அச்சடித்திருந்தால் அது 1500 வோல்ட் டிசி (பேனல் தரும் ஒரே திசை மின்சாரம்) வரைக்கும் வெயில், மழை தாங்கும் இரட்டை உறை வயர். ஆனால் உரசலையும் இழுவையையும் தேங்கிய தண்ணீரையும் பல்லையும் இந்த வயரும் தாங்காது. தொங்குகிற வயர் காற்றில் ஆடும். ஆடுகிற இடத்தில் வெட்டிய ஜிஐ விளிம்பு இருந்தால் உறை கொஞ்சம் கொஞ்சமாக அறுபடும்.

பைப் முதல் வேலை இல்லை. முதலில் வயரைத் தூக்குங்கள். அதன் மிகத் தாழ்ந்த இடம்கூட தரையிலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேலே இருக்க வேண்டும். பிறகு 30 முதல் 45 சென்ரிமீற்றருக்கு ஒரு பிடி வீதம் பேனலைத் தாங்கும் சட்டத்தில் பிடிக்க வேண்டும். வெள்ளை நைலோன் டை வேண்டவே வேண்டாம், வெயில் பட்டதும் நொறுங்கும். கறுப்பு டை கூடுதலாக நிற்கும், ஆனாலும் பேனலின் ஆயுளுக்கு ஈடு கொடுக்காது. பேனல் விளிம்பில் கவ்வும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்தான் நல்லது. எஃகு டை என்றால் மேலே பிளாஸ்டிக் பூச்சு இருக்க வேண்டும், வெறும் எஃகு டையே உறையைக் கீறிவிடும். இரும்பு விளிம்பைத் தாண்டும் இடத்தில் நீளவாக்கில் பிளந்த ரப்பர் ஹோஸ் துண்டு ஒன்றைச் செருகுங்கள். வளைவின் ஆரை வயரின் தடிப்பைப் போல ஐந்து மடங்குக்குக் குறையக் கூடாது.

எம்சி4 பூட்டு (பேனல் வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளக்) பாரம் தாங்கக் கூடாது. அதற்கு இரண்டு பக்கமும் வயரைப் பிடித்துவிடுங்கள். பலர் செய்கிற வேலை, பூட்டுகளை சி வடிவச் சட்டத்தின் பள்ளத்துக்குள் நேர்த்தியாக அடுக்கி வைப்பது. பார்க்க அழகாக இருக்கும், மழை பெய்தால் அந்தப் பள்ளம் நிரம்பும்.

சட்டத்திலிருந்து தரைக்கு இறங்கும் இடத்துக்கு மட்டும் பைப் போதும். மேலே முழுவதும் பைப் போட்டால் பனியும் வெயிலும் மாறி மாறி வரும் உங்கள் ஊரில் உள்ளே நீர் கோர்க்கும். போட்டே ஆக வேண்டிய இடத்தில், தாழ்ந்த புள்ளியில் 6 மில்லிமீற்றர் ஓட்டை ஒன்று போடுங்கள்.

பதுளையிலிருந்து: பக்கத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். வயரைத் தொட்டால் கறன்ட் அடிக்குமா?

உறை நல்லதாக இருந்தால் அடிக்காது. உறை கிழிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு 550 வொட் பேனல் சுமை இல்லாமல் 50 வோல்ட் அளவு தரும். 12 பேனலை ஒன்றோடொன்று தொடராக இணைத்தால் 600 வோல்ட். குளிர் கூடக் கூட இந்த வோல்ட் இன்னும் ஏறும். வீட்டுப் பிரேக்கரை இறக்கினாலும் வெயில் இருக்கும் வரை அந்த வயரில் வோல்ட் இருக்கும். அமெரிக்க மின் விதிகளில் சோலார் பகுதி, கை எட்டும் இடத்தில் 30 வோல்ட்டைத் தாண்டினாலே வயருக்குத் தடுப்பு வேண்டும் என்கிறது. உங்கள் இடத்தில் பூட்டுப் போட்ட கம்பி வேலி கட்டாயம்.

தலவாக்கலையிலிருந்து: புல் வெட்டின தம்பி ஒரு வயரைக் கீறிவிட்டார். செம்பு லேசாகத் தெரியுது. டேப் சுற்றி விட்டிருக்கு.

டேப்பை நம்ப வேண்டாம், இரண்டு மழைக்காலத்தில் பசை விட்டுப்போகும். முதலில் இன்வேர்ட்டரின் (பேனலின் டிசியை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் பெட்டி) ஏசியை நிறுத்துங்கள், பிறகு டிசி ஐசோலேற்றர் சுவிட்சை, பிறகு டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றரால் வயரில் ஓட்டம் இல்லை என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் எம்சி4 பூட்டைக் கழற்றலாம். ஓட்டம் இருக்கும்போது கழற்றினால் டிசி தீப்பொறி ஏசியைப் போலத் தானாக அணையாது, கையிலேயே எரியும். அந்தத் துண்டை முழுதாக வெட்டி எடுத்து, ஒரே கம்பனியின் ஆண், பெண் பூட்டு சோடியைச் சரியான கிரிம்ப் கருவியால் (வயரில் முனையை அழுத்திப் பிடிக்கும் கருவி) பூட்டச் சொல்லுங்கள். வேறு வேறு கம்பனிப் பூட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். உள்ளே உலோகமும் அளவும் ஒத்துப் போகாமல் சூடாகி உருகும். குறட்டால் நசுக்கிய கிரிம்பும் அப்படித்தான்.

பேனலுக்குக் கீழே புல் வெட்ட வேண்டிய தேவையே இல்லாமல் செய்வது உத்தமம். களைத் துணி விரித்து மேலே முக்கால் அங்குலக் கல் 3 அங்குலத் தடிப்புக்குப் போடலாம். சரிவான நிலத்தில் கல் உருண்டு போகும், கீழ்ப்பக்கம் ஒரு சிறு கட்டு வேண்டும்.

ஹப்புத்தளையிலிருந்து: ஐயா, பனி மூடின காலையில் இன்வேர்ட்டர் ஐசோலேஷன் ஃபோல்ட் காட்டி நிற்குது. 10 மணிக்குப் பிறகு தானாகவே ஓடுது. இன்வேர்ட்டரை மாற்றச் சொல்றாங்க.

மாற்றாதீர்கள். இன்வேர்ட்டர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. எங்கேயோ ஒரு வயரோ பூட்டோ ஈரத்தில் சட்டத்துக்குக் கறன்ட் கசியவிடுகிறது. வெயில் ஏறி அந்த இடம் காய்ந்ததும் கசிவு நிற்கிறது. பிற்பகலில் மெக்கானிக்கைக் கூப்பிட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் வர வேண்டியது பனி இருக்கும்போதே.

தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவர், 1000 வோல்ட் டிசிக்கு ஏற்ற மல்ட்டிமீற்றரோடு இப்படிப் பார்க்கட்டும். தொடரை இன்வேர்ட்டரிலிருந்து முழுதாகப் பிரித்துவிட்டு மூன்று அளவு எடுக்க வேண்டும்: பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையில், பிளஸ்ஸுக்கும் எர்த்துக்கும் இடையில், மைனஸுக்கும் எர்த்துக்கும் இடையில். 12 பேனலுக்கு மொத்தம் 576 வோல்ட் என்று வையுங்கள், பேனலுக்கு 48. பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்கு 192, மைனஸிலிருந்து 384 என்று நிலையாக நின்றால், 192ஐ 48ஆல் வகுக்க வருவது 4. பிளஸ் பக்கமிருந்து நாலாவது பேனலுக்கும் ஐந்தாவதுக்கும் இடையிலுள்ள வயரைப் போய்ப் பாருங்கள். பிளஸ்ஸிலிருந்து எர்த்துக்குப் பூச்சியம், மைனஸிலிருந்து முழு வோல்ட் என்றால் கோளாறு இன்வேர்ட்டருக்கு வரும் பிளஸ் வயரிலேயே. இரண்டு எர்த் அளவுகளும் நிற்காமல் இறங்கிப் பூச்சியத்தை நோக்கிப் போனால் அந்தத் தொடரில் கசிவு இல்லை, அடுத்த தொடரைப் பார்க்கலாம்.

சரிசெய்த பிறகு மெகரால் (வயர் உறையின் கசிவை அளக்கும் கருவி) சோதிக்க வேண்டும். 500 வோல்ட்டைத் தாண்டிய தொடருக்கு 1000 வோல்ட் சோதனை, குறைந்தது 1 மெகாஓம். இதையும் ஈரக் காலையிலேயே செய்யுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து: எலி, முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி மூன்றும் வருது. கோழி வலை கட்டினால் போதுமா?

கோழி வலையைப் பன்றி ஒரு முட்டலில் கிழிக்கும், எலி கேட்டுக்கொண்டு நிற்காது. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் வெளிவேலி. 2 அங்குல ஜிஐ குழாய்த் தூண் 2 மீற்றருக்கு ஒன்று, கல்வனைஸ் செய்த வெல்ட் மெஷ், அடியில் ஒரு குறுக்குக் குழாய். மெஷ்ஷை ஓர் அடி மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக இன்னும் ஓர் அடி மடக்கிப் புதையுங்கள். தோண்டுகிற மிருகம் வேலியோடு ஒட்டித்தான் தோண்டும், மடக்கிய மெஷ்ஷில் முட்டி விட்டுவிடும். 12 பேனல் இரண்டு வரிசையில் ஆறாறாக நின்றால் சுற்றளவு ஏறக்குறைய 23 மீற்றர். நடக்க இடம் விட்டு வேலி போட 35 மீற்றர் மெஷ் வாங்குங்கள்.

எலி வேலியில் ஏறிவிடும். அதற்கு வயரையே மூட வேண்டும்: சட்டத்தின் அடியில் மூடியுள்ள கம்பித் தட்டு, அல்லது அரை அங்குல மெஷ்ஷைக் குழாய் போல வளைத்து அதற்குள் வயர். மெஷ்ஷின் வெட்டிய முனைகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும், உள்ளே திரும்பினால் எலி செய்கிற வேலையை அந்தக் கம்பியே செய்யும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பன்றிக்கு என்று வேலிக் கம்பியில் வீட்டுக் கறன்ட் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது சட்டவிரோதம், ஆளையே கொல்லும். பேனல் சட்டம் பக்கத்தில் இருந்தால் அதற்குள்ளும் கறன்ட் ஏறும்.

நுவரெலியாவிலிருந்து: புல்லுக்கு ஆடு கட்டலாமா?

வேண்டாம். ஆடு வயரைக் கடிக்கும், பேனல் மேலேயும் ஏறும். மாடு தூணில் முதுகு சொறிந்தே சட்டத்தை அசைத்துவிடும்.

பண்டாரவளையிலிருந்து: பேனல் மேட்டில், வீடு 40 மீற்றர் கீழே. வயரை மண்ணுக்குள் கொண்டுவரலாமா? 4 போதுமா, 6 வேணுமா?

4 சதுர மில்லிமீற்றர் போதும். 13 அம்பியருக்குப் போக வர 80 மீற்றரில் இழப்பு 5 வோல்ட் அளவு, 500 வோல்ட் தொடரில் அது நூற்றுக்கு ஒன்றுதான்.

இந்த வயரை நேராக மண்ணில் புதைக்க வேண்டாம், 40 மில்லிமீற்றர் எச்டிபிஈ பைப்புக்குள் போடுங்கள். ஆழம் ஒன்றரை அடி, வண்டி போகும் இடத்தில் இரண்டடி. பைப்பைச் சுற்றி மொத்தம் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மணல், ஓரடி அகலக் கானுக்கு ஏறக்குறைய முக்கால் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). அதற்கு மேலே எச்சரிக்கை நாடா.

உங்கள் இடத்தில் பெரிய சிக்கல் சரிவு. மேட்டில் நுழைகிற தண்ணீர் பைப்புக்குள்ளேயே வழிந்து இன்வேர்ட்டருக்குள் போகும். பைப்பை நேரே இன்வேர்ட்டருக்குக் கொடுக்காமல், சுவருக்கு வெளியே வடிகால் ஓட்டையுள்ள பெட்டி ஒன்றில் முடித்து, அங்கிருந்து வயரைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். பைப்பின் இரு வாயையும் எலி நுழையாமல் அடையுங்கள். கானும் மழையில் ஓடையாக மாறும், 5 மீற்றருக்கு ஒரு களிமண் தடுப்பு வைத்து மூடுங்கள்.

பிளஸ்ஸையும் மைனஸையும் ஒரே பைப்பில் ஒட்டியே கொண்டுவாருங்கள். விலகிப் போனால் இடி இறங்கும்போது இடையிலுள்ள வளையத்தில் வோல்ட் தூண்டப்படும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி உங்களுக்குத் தெரியும். 10 மீற்றருக்கு மேல் தூரம் என்பதால் பேனல் பக்கமும் இன்வேர்ட்டர் பக்கமும் டிசி சேர்ஜ் அரெஸ்டர் (இடியால் ஏறும் வோல்ட்டை எர்த்துக்கு இறக்கும் கருவி) வேண்டும்.

ஹட்டனிலிருந்து: பக்கத்துத் தேயிலை மலையில் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடிக்கிறாங்க. வயருக்குக் கெடுதியா?

வயரைவிட அலுமினியச் சட்டத்துக்குத்தான் கெடுதி, செம்பு படிந்த இடம் புள்ளி புள்ளியாக அரிக்கும். மருந்து அடித்த பின் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், பூட்டுகளை நோக்கிப் பீய்ச்ச வேண்டாம். இணைப்புப் பெட்டியில் வயர் நுழையும் பயன்படாத கிளாண்ட் ஓட்டை திறந்திருந்தால் இன்றே அடையுங்கள். மருந்தைவிட முந்தி எறும்பு உள்ளே போயிருக்கும்.