கிளிப் போடும் முன் நாக்கைப் பழக்குவது எப்படி?

பல் நலம்: வாசகர் கேள்விகளுக்கு எங்கள் பல் சீரமைப்பு மருத்துவக் குழுவின் பதில்கள்

என் மகளுக்கு 9 வயது. மேல் முன்பற்கள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. கடைவாய்ப்பற்களைக் கடித்தாலும் முன்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்வதில்லை. "நாக்கு தள்ளுகிறது, அதைச் சரி செய்த பிறகுதான் கிளிப்" என்கிறார் டாக்டர். இவ்வளவு மெத்தென்ற நாக்கு பல்லைத் தள்ளுமா? வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தள்ளும். ஆனால் பலரும் நினைப்பதுபோல விழுங்கும் நேரத்து இடியால் மட்டும் அல்ல. ஒரு நாளில் நாம் ஆயிரம் முறை விழுங்குவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நாக்கு பல்லைத் தொடுவது ஒரு விநாடி. எல்லாம் கூட்டினாலும் இருபது நிமிடம் தேறாது. பல் நகர அது போதாது. பலமான அழுத்தம் சில விநாடி பட்டால் பல் அசைந்து கொடுப்பதில்லை. லேசான அழுத்தம் நாளுக்குச் சில மணி நேரம் தொடர்ந்தால் நகர்ந்துவிடும். சும்மா இருக்கும்போது, படிக்கும்போது, தூங்கும்போது நாக்கு எங்கே கிடக்கிறது என்பதுதான் முக்கியம். முன்பற்களின் இடுக்கில் கிடந்தால், அவை முழுதாக இறங்கி வந்து ஒன்றோடொன்று சேர முடியாது.

இரண்டு சோதனைகள் செய்து பாருங்கள். முதலாவது, மகள் புத்தகத்திலோ படத்திலோ மூழ்கியிருக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் முகத்தைக் கவனியுங்கள். உதடு பிரிந்து, பற்களுக்கு நடுவே நாக்கு நுனி தெரிகிறதா? "வாயை மூடு" என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து இயல்பாக விழுங்கச் சொல்லுங்கள். மோவாயைப் பாருங்கள். நாக்கு தள்ளும் குழந்தை விழுங்கும்போது கீழுதடு இறுகி மேலேறும், மோவாய்த் தோல் குழி குழியாகச் சுருங்கும். நாக்கு முன்னால் வரும்போது தண்ணீர் வெளியே சிந்தாமல் இருக்க உதடு அடைத்துக்கொள்வதால் வருவது அது. சரியாக விழுங்கினால் முகத்தில் அசைவே தெரியாது.

பேச்சை வைத்து முடிவு செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "அது", "இதை" என்று சொல்லும்போது நாக்கு பல் நுனிக்கு வந்துபோவது தமிழில் இயல்பு. "ஸ", "ச", "ல", "ன" ஆகியவற்றைச் சொல்லும்போதும் நாக்கு பற்களுக்கு வெளியே எட்டிப் பார்த்தால்தான் கவனிக்க வேண்டும்.

மகனுக்கு 5 வயது. அவனும் நாக்கை நீட்டித்தான் விழுங்குகிறான். இப்போதே பயிற்சி தொடங்கலாமா?

வேண்டாம். கைக்குழந்தைகள் எல்லோருமே நாக்கை முன்னே கொண்டுவந்துதான் விழுங்குவார்கள். பல் முளைத்து, மென்று தின்னப் பழகியபின் படிப்படியாக மாறும். சிலருக்கு அந்த மாற்றம் முடிய 6, 7 வயதும் ஆகும். பால்பல் விழுந்து முன்னால் ஓட்டையாக இருக்கும் மாதங்களில் நாக்கு அங்கே நுழைவதும் தற்காலிகம். இந்த வயதில் பார்க்க வேண்டியவை வேறு: விரல் சூப்புகிறானா, புட்டிப்பால் தொடர்கிறதா, வாயைத் திறந்தபடி தூங்குகிறானா. அவற்றை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. புதிய முன்பற்கள் இறங்கியபின், 8 வயதுவாக்கில், மறுபடி காட்டுங்கள்.

பயிற்சி என்று ஒரு தாள் கொடுத்தார்கள். படம் புரியவில்லை. வரிசையாக எப்படிச் செய்வது, எத்தனை நாள்?

முதலில் இடம். மேல் நடுப்பற்கள் இரண்டுக்கும் நேர் பின்னால், அண்ணத்தில் ஒரு சிறு புடைப்பு இருக்கும்; அதற்கு அடுத்து வரிவரியாகச் சதை. விரலால் தடவினால் தெரியும். நாக்கு நுனி தங்க வேண்டிய இடம் அந்தப் புடைப்பும் அதன் பின்வரிகளும்தான். பல்லைத் தொடக்கூடாது. விரலால் காட்டிப் புரியாத குழந்தையிடம் "ல்ல்ல்" என்று இழுக்கச் சொல்லுங்கள். சத்தம் நின்றபின் நாக்கை எடுக்காமல் அங்கேயே வைக்கச் சொல்லுங்கள். "ந" சொல்லிப் பழக்காதீர்கள், அதில் நாக்கு பல்லில் போய் ஒட்டும்.

முதல் வாரம் இது மட்டும். நுனி அந்த இடத்தில், உதடு மூடியிருக்க வேண்டும், கடைவாய்ப்பற்கள் ஒட்டாமல் லேசாக விலகியிருக்க வேண்டும், மூச்சு மூக்கில். ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று முறை. சுலபமாகத் தெரியும், உண்மையில் கடினமானது இதுதான். இதைத் தாவிக் குதித்து விழுங்கும் பயிற்சிக்குப் போகிறவர்கள் எத்தனை மாதம் செய்தாலும் பலன் காண்பதில்லை.

இரண்டாம், மூன்றாம் வாரம் நாக்குக்கு வலு. நாக்கு முழுவதையும் அண்ணத்தில் உறிஞ்சி ஒட்டி, "டொக்" என்று விடுவிக்க வேண்டும், 20 முறை. அடுத்து, அதேபோல் ஒட்டிக்கொண்டு, விடாமல் வாயை மெல்லத் திறந்து 5 முதல் 10 விநாடி நிறுத்த வேண்டும், 10 முறை. அப்போது நாக்கின் அடியில் இருக்கும் தசைநார் விறைத்து நிற்பது கண்ணாடியில் தெரியும். நாக்கின் நடுப்பகுதி தொங்கிவிட்டால் அது கணக்கில் சேராது. நுனி மட்டும் மேலே, நடு கீழே என்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

நான்காம் வாரத்திலிருந்து விழுங்குதல். நுனியை இடத்தில் வைத்து, கடைவாய்ப்பற்களைச் சேர்த்துக் கடித்து, உதட்டைப் புன்னகைபோல் விரித்தபடி எச்சிலை உறிஞ்சி விழுங்க வேண்டும். உதடு திறந்திருப்பதற்குக் காரணம் உண்டு: உதட்டின் உதவி கிடைக்காவிட்டால் நாக்கு தன் வேலையைச் சரியாகச் செய்தே ஆக வேண்டும், தவறினால் எச்சில் முன்னால் வழிவதிலேயே தெரிந்துவிடும். நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 10 முறை. பல் சீரமைப்புக்குப் பயன்படும் சிறிய ரப்பர் வளையத்தை நாக்கு நுனியில் வைத்து, அண்ணத்தோடு அழுத்திக்கொண்டு விழுங்கச் சொல்வதும் உண்டு. விழுங்கி முடித்ததும் வளையம் அதே இடத்தில் இருந்தால் சரி, முன்னால் பல்லிடம் வந்திருந்தால் தவறு. சொன்னபடி கேட்கும் வயதுப் பிள்ளைக்கு, உட்கார்ந்த நிலையில், பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டுமே இது. படுத்துக்கொண்டு செய்தால் புரையேறும் ஆபத்து உண்டு.

எச்சில் சரியாக வந்தபின் ஒரு மிடறு தண்ணீர், அதற்குப் பிறகு சாப்பாடு. சாப்பாட்டின் முதல் ஐந்து வாயை மட்டும் கவனித்து விழுங்கினால் போதும்; முழு உணவையும் கண்காணித்தால் குழந்தைக்குச் சாப்பாடே வெறுத்துவிடும்.

எது கோணலாகிறது என்று பார்ப்பதற்குக் கண்ணாடியே ஆசிரியர். விழுங்கும்போது தலை முன்னால் ஆடுகிறதா, மோவாய் சுருங்குகிறதா, நாக்கு பக்கவாட்டில் கடைவாய்ப்பற்களுக்கு இடையே நுழைகிறதா? கடைசியாகச் சொன்னதைக் கவனிக்காமல் விட்டால், முன்னால் பல் சேர்ந்து, பக்கத்தில் இடைவெளி உண்டாகும்.

பயிற்சி நேரத்தில் சரியாகச் செய்வது இரண்டு, மூன்று மாதத்தில் வந்துவிடும். யோசிக்காமலே சரியாக நடக்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம்வரை ஆகலாம். படுக்கப் போகும்முன் ஐந்து நிமிடம் நாக்கை இடத்தில் வைத்தபடி படுப்பதும், காலையில் எழுந்தவுடன் நாக்கு எங்கே இருந்தது என்று குழந்தை சொல்வதும் தூக்கத்துக்குள் பழக்கத்தைக் கொண்டுபோகும் வழி. தலையணை ஈரமாக இருந்தால், வாய் வறண்டிருந்தால், இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

நான்கு மாதமாகப் பயிற்சி செய்கிறோம். மாற்றமே இல்லை. பையன் தூங்கும்போது குறட்டை விடுகிறான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உங்கள் கேள்வியில் குறட்டை பற்றிய வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் வாயால்தான் மூச்சு விட வேண்டும். நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தால் வாய்வழிக் காற்றுக்குப் பாதை இல்லை. எனவே நாக்கு இறங்கித்தான் ஆகும். டான்சில் வீங்கியிருந்தால் பின்னால் இடம் இல்லாமல் நாக்கு முன்னே வந்து நிற்கும். மூச்சுக்கும் பயிற்சிக்கும் போட்டி என்றால் மூச்சுதான் ஜெயிக்கும். பையனைத் திட்டிப் பயனில்லை.

பையன் வாயில் ஒரு மிடறு தண்ணீரை நிறுத்தி, விழுங்காமல் உதட்டை மூடி இரண்டு நிமிடம் உட்காரட்டும். திணறாமல் முடிந்தால் மூக்கு திறந்திருக்கிறது. முப்பது விநாடியிலேயே துப்பினால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அடினாய்டு (மூக்கின் பின்புறம் இருக்கும் சதை), டான்சில், ஒவ்வாமை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்தபிறகும் வாய் பழக்கத்தால் திறந்தே இருக்கும். அதற்கு ஒரு துண்டுக் காகிதத்தை உதடுகளால் மட்டும் பிடித்து, படிக்கும் நேரத்தில் அரைமணி வரை நிறுத்தும் பயிற்சி உதவும். இரவில் வாயில் டேப் ஒட்டும் யோசனை எங்கேனும் கண்ணில் பட்டால் விட்டுவிடுங்கள். அடைத்த மூக்கோடு அது ஆபத்து.

பயிற்சி பலிக்காமல் போக இன்னொரு காரணம், நாக்கின் அடித்தசைநார் குட்டையாக இருப்பது. வாயை நன்றாகத் திறந்தபடி நாக்கு நுனியை அண்ணம் நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். பாதி தூரம்கூட எழும்பாவிட்டாலும், நீட்டும்போது நுனி நடுவில் பள்ளம் விழுந்து இரண்டாகப் பிரிந்ததுபோல் தெரிந்தாலும் பரிசோதனை தேவை. அந்த நாரை விடுவித்தாலும், முன்னும் பின்னும் பயிற்சி இல்லாவிட்டால் நாக்கு பழையபடியே கிடக்கும்.

அண்ணத்தில் கம்பி வேலி மாதிரி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். குழந்தை பேசவே கஷ்டப்படுகிறாள். நாக்கில் புண்ணும் வந்துவிட்டது. கழற்றச் சொல்லலாமா?

மேல் கடைவாய்ப்பற்களில் வளையம் மாட்டி, முன்பற்களுக்குப் பின்னால் இறங்கும்படி பற்றவைத்த ஸ்டீல் கம்பி அது, கிரிப் என்பார்கள். முதல் சில நாள் எச்சில் ஊறுவதும் பேச்சு குழறுவதும் இயல்பு. ஒன்றிரண்டு வாரத்தில் சீராகும். தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், இன்னும் சீக்கிரம் தெளியும். நாக்கில் கம்பியின் தடம் பதிவது புண் அல்ல, பயப்பட வேண்டாம். தோல் உரிந்து வெள்ளையாக எரிகிறது என்றால், வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளித்து, உறுத்தும் கம்பி முனையில் பல் சீரமைப்பு மெழுகை உருட்டி ஒட்டுங்கள். நான்கைந்து நாளில் குறையாவிட்டாலோ, கம்பி சதைக்குள் அழுந்துவதாகத் தெரிந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள். வளையம் ஆடினாலும் அப்படித்தான்: வீட்டில் எதையும் வைத்து ஒட்டக்கூடாது. ஆடும் வளையத்துக்கு அடியில் உணவு தங்கிப் பல் சொத்தையாகும். நாளுக்கு இரண்டு முறை வளையத்தைச் சுற்றிச் சிறிய தூரிகையால் தேய்க்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் கழற்றினால் பட்ட சிரமம் வீண். இடைவெளி மூடியபிறகும் பழக்கம் உறுதியாகச் சில மாதம் வாயில் விட்டுவைப்பார்கள். கிரிப் நாக்கைத் தடுக்கும், எங்கே போக வேண்டும் என்று கற்றுத்தராது. பயிற்சியும் கூடவே நடக்காவிட்டால், கழற்றிய சில வாரத்தில் நாக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். அதனால், குழந்தைக்கு விளக்கி அவள் சம்மதித்த பிறகு பொருத்துவதே எங்கள் முறை. தண்டனையாக நினைக்கும் குழந்தை அந்தக் கம்பியை எப்படியாவது வளைத்துவிடும்.

எனக்கு 24 வயது. ஒரு டாக்டர் உடனே கிளிப் போடலாம் என்கிறார். இன்னொருவர் முதலில் நாக்குப் பயிற்சி என்கிறார். யார் சொல்வது சரி?

எக்ஸ்ரே பார்க்காமல் சொல்ல முடியாது, இருவருமே சரியாக இருக்கலாம். பக்கவாட்டு முக எக்ஸ்ரேயில் தாடை எலும்பின் அமைப்பைப் பார்த்தபிறகுதான் தீர்மானிக்க வேண்டும். தாடை இயல்பாக இருந்து, இடைவெளி முன் நான்கு பற்களில் மட்டும் இருந்தால், நாக்குதான் முதல் சந்தேகம். இரண்டு, மூன்று மாதம் பயிற்சிக்கு ஒதுக்குவது லாபம். நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும்போது கிளிப் போட்டால், ரப்பர் மாட்டியும் இடைவெளி மூடாமல், சிகிச்சை இழுத்துக்கொண்டே போகும்.

தாடையே நீண்டு விலகி வளர்ந்திருந்தால் கதை வேறு. அங்கே நாக்கு முன்னால் வருவது காரணம் அல்ல, விளைவு. இருக்கும் ஓட்டையை அடைத்தால்தான் விழுங்க முடியும். எந்தப் பயிற்சியும் எலும்பை மாற்றாது. கிளிப்போ அறுவைசிகிச்சையோ இடைவெளியை மூடினால் பெரும்பாலும் நாக்கு தானே பின்வாங்கும், பயிற்சியைச் சிகிச்சையோடு சேர்த்தே செய்யலாம். பற்கள் நெருக்கிக்கொண்டு மட்டும் இருக்கின்றன, முன்னால் இடைவெளி இல்லை என்றால், விழுங்கும்போது நாக்கு கொஞ்சம் முன்னால் வருகிறது என்பதற்காகக் கிளிப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கிளிப் கழற்றி ஒரு வருடம். முன்னால் மறுபடி லேசாக இடைவெளி. ரிடெய்னரை (கிளிப் கழற்றியபின் பல் நகராமலிருக்க மாட்டும் தகடு) அவ்வளவாகப் போடவில்லை.

பழைய ரிடெய்னர் இப்போது இறுக்கமாக இருந்தால் அழுத்தி மாட்டாதீர்கள். பல்லுக்கும் நல்லதல்ல, தகடும் உடையும். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகச் செய்வதானால், அண்ணத் தகடு வகையில், நாக்கு நுனி தங்கும் இடத்தில் ஒரு சிறு துளை விட்டுத் தரச் சொல்லலாம். நுனி அந்தத் துளையைத் தேடிப் பழகும். அதற்குமுன், கண்ணாடி எதிரே உதடு விரித்து ஒரு மிடறு விழுங்கிப் பாருங்கள். நாக்கு முன்னால் எட்டிப் பார்த்தால், மேலே சொன்ன முதல் வாரப் பயிற்சியிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.