ஒரே ஆளு, அஞ்சு பேரு

கேள்வி: நாஜிகளை நக்கலடிச்ச டுக்கோல்ஸ்கி அஞ்சு பேர்ல எழுதினாராமே, பயந்துகிட்டா? (வாசகர், தேனி)

பயமெல்லாம் இல்லீங்க. ஒரே வாரப் பத்திரிகைல ஒரே ஆளு மூணு நாலு மேட்டர் எழுதினா எவன் படிப்பான்? குர்ட் டுக்கோல்ஸ்கி ஜெர்மன் எழுத்தாளர், 1890ல பெர்லின்ல பொறந்த யூதர், சட்டம் படிச்சவர். சொந்தப் பேரு போக இன்னும் நாலு, அதுல கவிதைன்னா பெரும்பாலும் தியோபால்ட் டைகர், அரசியல் கோவம்னா இக்னாஸ் ரோபெல். ரோபெல்ங்கறது ஸ்கூல்ல படிச்ச கணக்கு புக்கை எழுதினவர் பேரு, இக்னாஸ்னு வச்சது அந்தப் பேரு அவர் காதுக்கு அசிங்கமா இருந்ததால. நல்ல கொழுப்பு!

கேள்வி: ஸ்வீடன்ல சேஃபா உக்காந்துகிட்டு வீரம் பேசினாருன்னு சொல்லலாமா? (வாசகி, சேலம்)

சுருக்குன்னு கேட்டுட்டீங்க. இதையே அவரும் தன்னைக் கேட்டுகிட்டாரு.

1931 ஆகஸ்ட்ல 'சிப்பாய்கள் கொலைகாரர்கள்'னு ஒரு வரி எழுதுறாரு (இந்த வரி 1995ல ஜெர்மன் அரசியல் சாசன கோர்ட் வரைக்கும் போச்சு, அது தனிக்கதை). எழுதினவர் ஸ்வீடன்ல, கேஸ் விழுந்தது பெர்லின்ல இருந்த அந்தப் பத்திரிகை எடிட்டர் ஒசியட்ஸ்கி தலைல, அவரோ ராணுவம் ரகசியமா விமானப்படை வளர்க்குறத வெளியிட்டதுக்கு ஏற்கனவே 18 மாசம் தண்டனை வாங்கி உள்ள போனவரு. 1932 ஜூலைல சிப்பாய் கேஸ்ல விடுதலைதான், ஆனா டுக்கோல்ஸ்கி அதுக்கு வரல. வந்திருந்தா நாஜி ஆளுங்க சும்மா விட்டிருப்பாங்களான்னு தெரிஞ்சுதான் வரல, அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நண்பனை ஜெயில்ல விட்டுட்டு ஓடிப்போன மாதிரி இருக்குன்னு பிரிஞ்சுபோன மனைவிக்கு அவரே லெட்டர் போட்டாரு.

1933 மே 10, பெர்லின்ல நாஜி மாணவர்கள் அவர் பேரையும் ஒசியட்ஸ்கி பேரையும் கத்திச் சொல்லி புக்கைத் தீயில போட்டாங்க, ஆகஸ்ட்ல குடியுரிமையும் போச்சு. அதுக்கப்புறம் பத்திரிகைக்கு எழுதுறதையே விட்டுட்டாரு, வெறும் லெட்டர்தான். அந்த லெட்டர்ல சிலது, நாஜி வதை முகாம்ல கிடந்த ஒசியட்ஸ்கிக்கு அமைதி நோபல் வாங்கிக் குடுக்கணும்னு. பரிசு கிடைச்சுது, 1936 நவம்பர்ல. இவர் 1935 டிசம்பர்லயே போயிட்டாரு, வயசு 45.

குறிப்பு நோட்டோட கடைசில ஒரு படிக்கட்டு வரைஞ்சு வச்சிருக்காரு, மூணே படி. கீழ்ப்படில பேசுறது, நடுப்படில எழுதுறது, மேல்படில வாய மூடிக்கிறது.