கடல் கடந்தாலும் ஓடிபி வர வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நானும் என் கணவரும் மகள் வீட்டில் ஆறு மாதம் இருக்க அமெரிக்கா போகிறோம். பென்ஷன் கணக்கு, வருமான வரி, கேஸ் புக்கிங் எல்லாம் கணவரின் எண்ணில்தான் இருக்கிறது. பிரீபெய்ட் சிம். இரண்டு சிம் போடக்கூடிய ஆண்ட்ராய்டு போன். “இங்கே வந்ததும் வேறு சிம் போட்டுக்கலாம்மா” என்கிறாள் மகள். அப்படிச் செய்தால் ஓடிபி வருமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வரும். ஆனால் அதற்கான வேலையில் முக்கால்வாசியை இங்கே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். அங்கே போனபின் சரிசெய்ய முடியாதவை இதில் நிறைய.

முதலில் வேலிடிட்டி. பிரீபெய்ட் பேக் முடிந்தால் கொஞ்ச நாளில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸும் நின்றுவிடும். அமெரிக்காவிலிருந்து கார்டில் ரீசார்ஜ் செய்யப் பார்த்தால், அந்தக் கார்டுக்கான ஓடிபி நின்றுபோன அதே எண்ணுக்குத்தான் போகும். ஊரில் இருக்கும் உறவினர் ரீசார்ஜ் செய்து கொடுக்கலாம்தான். அதை அவர் மறந்துவிட்டால் எண்ணே கைவிட்டுப் போகும், பிறகு வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டும் விடும். பென்ஷன் கணக்கோடு இணைந்த எண்ணில் இந்த ஆபத்து வேண்டவே வேண்டாம். புறப்படும் முன் ஓராண்டு பேக் போட்டுவிடுங்கள். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள நீண்டகால பேக்குகள் 2025 தொடக்கத்திலிருந்து கிடைக்கின்றன. உங்களுக்கு அதுவே போதும்.

அடுத்தது இன்டர்நேஷனல் ரோமிங், அதாவது வெளிநாட்டு நெட்வொர்க்கில் நம் சிம் வேலை செய்யும் வசதி. இதை நிறுவனத்தின் ஆப்பிலோ கஸ்டமர் கேரிலோ இயக்கச் சொல்ல வேண்டும். இயக்காத சிம் அமெரிக்காவில் எந்த நெட்வொர்க்கிலும் பதிவாகாது. பதிவாகாத சிம்முக்கு எஸ்எம்எஸ் வர வழியே இல்லை. ரோமிங்கில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. ஆனால் அதற்கு ரோமிங் பேக் கட்டாயமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே கஸ்டமர் கேரில் “ரோமிங் ஆன் ஆகிவிட்டதா?” என்பதோடு விடாதீர்கள். “பேக் எதுவும் போடாமல் அமெரிக்காவில் எனக்கு ஓடிபி எஸ்எம்எஸ் வருமா, எந்த நெட்வொர்க்கில் வரும்?” என்று நேராகக் கேளுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கேட்டால், சிக்கல் இருந்தால் கடைக்கு நேரில் போய்ச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதே இல்லை: போன். அமெரிக்காவில் 3ஜி சேவையை ஏடி அண்ட் டி, டி-மொபைல், வெரைசான் மூன்றும் 2022-லேயே மூடிவிட்டன. பேசுவதற்கும் 4ஜி வழியே போகும் வோல்டிஇ (VoLTE) அழைப்புதான். இந்தியாவில் விற்கும் விலை குறைந்த போன்கள் பலவற்றில் அங்கே அதிகம் பயன்படும் 12, 13, 66, 71 போன்ற பேண்டுகள் (அலைவரிசைகள்) இருக்காது. அப்படிப்பட்ட போன் ஊருக்கு நடுவில் ஓரளவு எடுக்கும். வீட்டுக்குள் போனால் சிக்னல் விழுந்துவிடும். போனின் மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் பேண்ட் பட்டியலைப் பாருங்கள். மகள் வாங்கப்போவது ஏடி அண்ட் டி சிம் என்றால், அந்த நிறுவனம் தன் பட்டியலில் உள்ள போன்களை மட்டுமே வோல்டிஇ அழைப்புக்கு அனுமதிக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள். பட்டன் போனை எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அங்கே இறங்கியதும்: இந்திய சிம் முதல் ஸ்லாட்டில் அப்படியே இருக்கட்டும், அமெரிக்க சிம் இரண்டாவதில். மொபைல் டேட்டாவுக்கு அமெரிக்க சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இந்திய சிம்மின் டேட்டா ரோமிங் அணைந்திருக்க வேண்டும். பேக் இல்லாமல் அது ஓடினால் சில எம்பியிலேயே இருப்புத் தொகை காலியாகிவிடும்.

இந்திய எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்தால் நிமிடக் கணக்கில் உங்களுக்குத்தான் கட்டணம். கூப்பிட்டவர் உள்ளூர் அழைப்புக்கான செலவு மட்டுமே செய்கிறார். இந்தியாவிலிருந்து அமெரிக்கா வரை அந்த அழைப்பைக் கொண்டுவரும் செலவு உங்கள் தலையில் விழுகிறது. எடுக்காமல் விட்டால் செலவில்லை. கால் ஃபார்வேர்டிங் போட்டிருந்தால் கதை வேறு: அழைப்பு அமெரிக்கா வந்து, மணி அடித்து, எடுக்காததால் மறுபடி இந்தியாவுக்கே திருப்பப்படும், இரண்டு பயணத்துக்கும் கட்டணம் வரலாம். இங்கேயே ##002# டயல் செய்து எல்லா ஃபார்வேர்டிங்கையும் நீக்கிவிடுங்கள்.

எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. வங்கியில் ஓடிபி மின்னஞ்சலுக்கும் வரும்படி பதிவுசெய்யுங்கள். ஸ்டேட் பேங்க் கணக்கு என்றால் இன்டர்நெட் பேங்கிங்குக்கு ஓடிபியைப் போனிலேயே உருவாக்கும் செக்யூர் ஓடிபி ஆப் இருக்கிறது; அதை இங்கேயே இயக்கிவையுங்கள். ஆதார் ஓடிபிக்கு ஆதாரில் பதிவான இந்திய எண் வேண்டும். ஜூலையில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வீர்கள் என்றால், ஆதார் ஓடிபி வராத பட்சத்தில் நெட் பேங்கிங் வழியாகவும் சரிபார்க்கலாம். அந்த நெட் பேங்கிங் கடவுச்சொல் வேலை செய்கிறதா என்று இப்போதே ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

கடைசியாக, யுபிஐ ஆப் உள்ள போனிலிருந்து இந்திய சிம்மைக் கழற்ற வேண்டாம். மகள் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாலும் சிம்மை அதற்கு மாற்றாதீர்கள். புதுப் போனில் யுபிஐயைப் பதிவுசெய்ய உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். ரோமிங்கில் அது பெரும்பாலும் தோற்றுவிடும். சிம் தொலைந்தால் மாற்று சிம்மை அங்கிருந்து வாங்குவதும் பெரும்பாடு. ஊருக்கு வந்து வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் அதில் எஸ்எம்எஸ் ஓடாது. சிம் மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது.

கேள்வி: குடும்பமாக நான்கு பேர் ஏழு நாள் சிங்கப்பூர், மலேசியா போகிறோம். ரோமிங் பேக், அங்கே கிடைக்கும் சிம், இ-சிம் – எது நல்லது? நாலு பேருக்கும் வேண்டுமா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே நிறுவும் சிம்) எடுப்பதுதான் எங்கள் தேர்வு. நாலு வேண்டாம்; பெரியவர்கள் இருவரிடம் தனித்தனியாக இருந்தால் போதும். பிள்ளைகளுக்கு ஹாட்ஸ்பாட் கொடுக்கலாம். ஒன்று மட்டும் வாங்கினால், கூட்டத்தில் பிரியும்போது ஒருவர் கையில் இணையம் இருக்காது.

பயண இ-சிம்களில் பெரும்பாலானவற்றில் டேட்டா மட்டும்தான், தொலைபேசி எண் வராது. ஹோட்டல்காரரோ டூர் ஓட்டுநரோ உங்களை அழைக்க வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில்தான் அழைக்க முடியும். எண் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் சாங்கி விமான நிலையத்தில் சிங்டெல், ஸ்டார்ஹப் போன்றவற்றின் டூரிஸ்ட் சிம் வாங்கலாம். பாஸ்போர்ட் காட்ட வேண்டும். வாங்கும்போது “மலேசியாவிலும் டேட்டா வருமா, எத்தனை ஜிபி?” என்று கேட்டு, அட்டையில் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். டாக்சி பிடிக்க உதவும் கிராப் ஆப்பை ஊரிலேயே நிறுவி, இந்திய எண்ணில் ஓடிபி போட்டுப் பதிவுசெய்துவிடுங்கள்.

டேட்டா அளவு: மேப், வாட்ஸ்அப் செய்தி, அவ்வப்போது படம் அனுப்புவது என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு அரை ஜிபியே அதிகம். வாட்ஸ்அப் வீடியோ காலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 எம்பி போகும். டேட்டாவை உண்மையில் விழுங்குவது கூகுள் போட்டோஸ் பேக்கப்பும், பிள்ளைகள் பார்க்கும் யூடியூப்பும்தான். பேக்கப்பை வைஃபையில் மட்டும் ஓடும்படி மாற்றுங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் மேப்புகளை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

தாத்தாவோ பாட்டியோ 2ஜி, 3ஜி மட்டும் எடுக்கும் பட்டன் போனோடு வந்தால் சிங்கப்பூரில் ஏமாற்றம்தான். சிங்கப்பூரில் 2ஜி 2017-லும் 3ஜி 2024-லும் மூடப்பட்டுவிட்டன. மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு போய்விட்டது.

கேள்வி: இ-சிம் வாங்கி, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து நிறுவிவிட்டேன். போன தடவை வெளிநாட்டில் இறங்கியதும் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன, இணையம் மட்டும் வரவில்லை. எங்கே தப்பு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலானோருக்கு இது டேட்டா ரோமிங் பட்டனால்தான் வருகிறது. “ரோமிங்கை அணைத்து வை, பில் எகிறிவிடும்” என்று கேட்டுக் கேட்டு இரண்டு சிம்முக்கும் சேர்த்து அணைத்துவிடுகிறோம். பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்தின் சிம். நீங்கள் இறங்கும் நாட்டில் அதுவே ரோமிங்கில்தான் ஓடுகிறது. அதனால் இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆன், இந்திய சிம்முக்கு ஆஃப்.

அதன் பிறகும் வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்தான் தேர்வாகியிருக்கிறதா? விற்றவர் கொடுத்த ஏபிஎன் பெயர் (சிம் எந்த வழியில் இணையத்துக்குப் போக வேண்டும் என்று போனுக்குச் சொல்லும் பெயர்) ஓர் எழுத்தும் பிசகாமல் இருக்கிறதா? ஏர்பிளேன் மோடை ஒரு நிமிடம் போட்டு எடுத்துப் பார்த்தீர்களா? அதற்கும் மசியவில்லை என்றால் நெட்வொர்க்கைத் தானியங்கியிலிருந்து கையால் தேர்வு செய்வதற்கு மாற்றி, பட்டியலில் உள்ள வேறொரு நிறுவனத்தைத் தொட்டுப் பாருங்கள்.

ஐபோனில் “அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்” என்று ஒன்று இருக்கிறது. இது ஆனில் இருந்தால், இ-சிம் தடுமாறும்போது போன் தானாகவே இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும். அணைத்துவிடுங்கள்.

எந்த நிலையிலும் இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி நிறுவலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். நிறுவுவதற்கே இணையம் தேவை என்பதால், ஊரில் வீட்டு வைஃபையில் நிறுவி, அங்கே இறங்கியபின் இயக்குவதே சரி. உங்கள் போனுக்கு இ-சிம் வசதி இருக்கிறதா என்று தெரிய *#06# போடுங்கள். போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு இஐடி என்று 32 இலக்க எண்ணும் வந்தால் இருக்கிறது.

கேள்வி: பாரிஸில் வாங்கிய சிம் இத்தாலி வரை நன்றாக ஓடியது. சுவிட்சர்லாந்து ரயிலில் போகும்போது நின்றுவிட்டது. ஏன்?
– வாசகி, சென்னை

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ரோமிங் கூடுதல் கட்டணம் 2017 ஜூன் 15 முதல் இல்லை. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும் அதில் சேரும். சுவிட்சர்லாந்து சேராது, பிரிட்டனும் இப்போது சேராது. இந்த இரண்டையும் தாமாகவே சேர்த்துக்கொடுக்கும் பேக்குகளும் உண்டு. அதனால் “ஐரோப்பா முழுவதும்” என்ற விளம்பர வரியை நம்பாமல் நாடுகளின் பட்டியலைப் படித்து வாங்குங்கள்.

கேள்வி: மகன் துபாயில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வாட்ஸ்அப்பில் மெசேஜ் வருகிறது, கால் மட்டும் இணைய மாட்டேன் என்கிறது. விபிஎன் (இணைய இணைப்பை வேறு நாட்டு வழியாகக் கொண்டுபோகும் ஆப்) போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடச் சொல்லலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: சொல்லாதீர்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்திக்குத் தடை இல்லை. இணைய அழைப்புக்கு உரிமம் பெற்ற ஆப்புகளுக்கு மட்டுமே அனுமதி. விபிஎன் வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. ஆனால் சட்டம் தடுத்த ஒன்றைச் செய்ய அதைப் பயன்படுத்தினால், 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சைபர் சட்டப்படி குறைந்தபட்ச அபராதமே 5 லட்சம் திர்ஹாம். வேலைக்குப் போன பிள்ளைக்கு அந்த வம்பு வேண்டாம். உரிமம் பெற்ற போட்டிம் ஆப்பை இரண்டு பக்கமும் நிறுவிக்கொள்ளுங்கள். அங்கே தொலைபேசி நிறுவனங்களான எடிசலாட்டும் (இப்போதைய பெயர் இ அண்ட்) டூவும் இணைய அழைப்புக்கென்று தனி பேக் விற்கின்றன. மகன் தன் சிம்முக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கலாம்.

“ஊர் சிம் ரோமிங்கில் வாட்ஸ்அப் கால் போகிறதே” என்று சிலர் சொல்வது உண்மைதான். ரோமிங் டேட்டா பொதுவாகத் தாய்நாட்டு நெட்வொர்க் வழியாகவே இணையத்துக்குப் போகிறது. தினசரி பேச அந்த விலை கட்டாது.

கேள்வி: தனுஷ்கோடியில் நிற்கும்போது ‘இலங்கைக்கு வரவேற்கிறோம்’ என்று மெசேஜ் வந்தது. காசு போயிருக்குமா? நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகும் திட்டமும் இருக்கிறது.
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: மெசேஜ் வந்ததற்குக் காசு இல்லை. அந்த நேரத்தில் அழைப்பை எடுத்திருந்தாலோ டேட்டா ரோமிங் ஓடியிருந்தாலோ போயிருக்கும். கடல் அலைவரிசையைத் தடுப்பதில்லை. இந்தியக் கோபுரத்தின் சிக்னல் மெலியும் இடத்தில் தலைமன்னார் பக்கத்துச் சிக்னலைப் போன் பிடித்துக்கொள்கிறது. இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் போன் கடிகாரம் மாறிக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை போகும் முன் நெட்வொர்க் தேர்வில் உங்கள் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்துவிடுங்கள். திரும்பியதும் தானியங்கிக்கு மாற்ற மறக்க வேண்டாம்.

கப்பலில் கரையை விட்டு விலகியதும் சிக்னல் போய்விடும். டிக்கெட், பாஸ்போர்ட் பக்கம், தங்குமிட முகவரி எல்லாவற்றையும் படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணம் போனதும் டயலாக், மொபிடெல், ஹட்ச் இவற்றில் ஒரு சிம்மைப் பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். வாட்ஸ்அப் “எண்ணை மாற்றவா?” என்று கேட்டால் பழைய எண்ணிலேயே தொடரும்படி சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வீட்டு லேண்ட்லைனுக்கு அடித்தால் தவறான எண் என்கிறது.
– வாசகி, திருச்சி

பதில்: எஸ்டிடி கோடின் முன் உள்ள பூஜ்யத்தோடு சேமித்திருப்பீர்கள். 0431 என்பதை +91 431 என்று மாற்றுங்கள். கைபேசி எண்களுக்கும் முன்னால் +91 போடுங்கள். பூஜ்யத்தை அழுத்திப் பிடித்தால் கூட்டல் குறி வரும். அமெரிக்காவில் 011, இலங்கையில் 00 என்று நாட்டுக்கு நாடு மாறும் முன்னொட்டை அந்தக் குறியே பார்த்துக்கொள்ளும்.