டேங்கில் தண்ணீர் கலந்த பெட்ரோல்: சுத்தம் செய்யும் முன் சாம்பிள் எடுங்கள்

கேள்வி: கோவையில் ஒரு பங்கில் மழை நாளன்று காருக்கு 30 லிட்டர் பெட்ரோல் போட்டேன். இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் இன்ஜின் திணறி நின்றுவிட்டது. டேங்கின் அடியில் தண்ணீர் இருப்பதாகச் சொல்லும் சர்வீஸ் சென்டர், சுத்தம் செய்து பம்ப், இன்ஜெக்டர் மாற்ற 38,000 ரூபாய் ஆகும் என்கிறது. பங்க்காரரோ, “அது எத்தனால்தான், இல்லாவிட்டால் உங்கள் டேங்கில் படிந்த ஈரம்” என்று கைவிரிக்கிறார். பில் இருக்கிறது. இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் டேங்கைக் காலி செய்ய இன்னும் ஒப்புதல் தராதீர்கள். அந்தத் தண்ணீர்தான் உங்களுடைய முதல் சாட்சி. அதைச் சாக்கடையில் கொட்டியபின் வந்து ஆலோசனை கேட்பவர்களே அதிகம்.

சாவியை ஆன் செய்தாலே பம்ப் ஓடி, அடியில் உள்ள தண்ணீரை இன்ஜெக்டர் வரை ஏற்றிவிடும். சேதமும் கூடும், “திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து நீங்களே கெடுத்தீர்கள்” என்ற எதிர்வாதமும் வரும். பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். பங்க் தரப்பை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அழைத்து, அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும், டேங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் வீதம் மூன்று கண்ணாடி பாட்டில்களில் எடுத்து, சீல் வைத்து, சர்வீஸ் அட்வைசரின் கையெழுத்து வாங்குங்கள். முழுவதையும் வீடியோ எடுங்கள். பாட்டில்களை வீட்டில் வைக்காதீர்கள், தீ அபாயம். ஜாப் கார்டில் ‘ஸ்டார்ட்டிங் பிரச்சினை’ என்று மட்டும் இருந்தால் போதாது; எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள் என்பதை எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.

அன்றே மாவட்ட வழங்கல் அலுவலருக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். பங்கின் நிலத்தடித் தொட்டியில் அதிகாரபூர்வமாகச் சாம்பிள் எடுக்கும் அதிகாரம் 2005ஆம் ஆண்டு பெட்ரோல், டீசல் முறைகேடு தடுப்பு ஆணையின் கீழ் அதிகாரிகளுக்கே உண்டு. தாமதித்தால் தொட்டி சுத்தமாகிவிடும். “டேங்கர் லாரி சாம்பிள் சுத்தமாக இருந்தது” என்ற பதில் உங்களைத் தோற்கடிக்காது. மழைநீர் இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, நிலத்தடித் தொட்டியில்தான்.

எத்தனால் வாதத்துக்கும் பதில் உண்டு. 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோலில், அந்த எத்தனால் தானாகப் பிரிந்து அடியில் தங்காது. தாங்கும் அளவைத் தாண்டித் தண்ணீர் சேர்ந்தால்தான், எத்தனாலையும் இழுத்துக்கொண்டு தனி அடுக்காகக் கீழே படியும். ஈரக்காற்றில் படியும் நீர் லிட்டர் கணக்கில் வராது. ஆகவே ஆய்வகத்திடம் அடி அடுக்கில் நீர் எவ்வளவு, எத்தனால் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பங்கில் செய்து காட்டும் வடிதாள் (ஃபில்டர் பேப்பர்) சோதனை இதற்கு உதவாது.

வழக்கறிஞர் அறிவிப்புக்கு 15 நாளில் பதில் இல்லையென்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 35ஆம் பிரிவின் கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்யுங்கள். பங்க் உரிமையாளரோடு எண்ணெய் நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். மாவட்ட ஆணையத்தின் பண வரம்புக்குப் பார்ப்பது கேட்கும் இழப்பீட்டை அல்ல, பெட்ரோலுக்குக் கொடுத்த விலையை. அந்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணமே இல்லை. கால வரம்பு 2 ஆண்டுகள். சீல் வைத்த சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்ப 38(2)(சி) பிரிவில் மனு போடுங்கள். பழுதுச் செலவு, இழுவைச் செலவு, மாற்று வாடகைக் கார், மன உளைச்சல் அனைத்தையும் ரசீதோடு கேளுங்கள்.

உங்கள் கார் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்து, வியாபாரத்துக்காக ஓடினால், ‘நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்ற ஆட்சேபம் எழும். சொந்தப் பிழைப்புக்கு டாக்சி ஓட்டுபவருக்கு அந்தத் தடை இல்லை.