முதல் யாருடையது?

கேள்வி: என் அண்ணன் மகன் பாரிஸில் ஒரு முதலீட்டு வங்கியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறான். அதை விட்டுவிட்டு இங்கே எபெனில் பிரைவேட் ஈக்விட்டி கம்பெனி தொடங்கி முதலாளி ஆகப் போகிறானாம். மொரீஷியஸ் வழியாக இந்தியாவில் பணம் போட்டால் வரியே கிடையாது என்கிறான். துணியலாமா?
– ஒரு வாசகி, ரோஸ் ஹில்

பதில்: எல்லாம் சரி, 'முதலாளி' என்று எழுதிவிட்டீர்களே, அங்கேதான் இடிக்கிறது. முதலை ஆள்பவன் முதலாளி. பிரைவேட் ஈக்விட்டி என்பது பிறர் பணத்தைத் திரட்டிக் கம்பெனிகளை வாங்கி, சில வருடம் கழித்து விற்று லாபம் பார்க்கும் தொழில். இதில் முதல் அவனுடையது அல்ல. ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் பணக்காரக் குடும்பங்களும் கொடுப்பது. நிறுவனர் தன் கையிலிருந்து போடுவது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். ரங்கூன் மொகல் தெருவில் செட்டியார் கடை பார்த்த ஏஜண்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் செட்டிநாட்டில் இருந்தவருடையது. மூன்று வருடத் தவணை முடிந்ததும் ஏஜண்டு கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். இங்கே தவணை பத்து வருடம், அவ்வளவுதான் வித்தியாசம். 'ஈக்விட்டி'யைச் 'சமபங்கு' என்று மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ! இதில் சமமும் இல்லை.

ஏன் இல்லை என்றால், பந்தி வரிசை அப்படி. பத்துக் கோடி டாலர் நிதி என்று கொள்வோம். வருடத்துக்கு 2 சதவீதம், அதாவது 20 லட்சம் டாலர், நிர்வாகக் கட்டணம். லாபமோ நட்டமோ, அது முதலில் எடுத்தாயிற்று. பந்திக்கு முந்து என்பது இதுதான். நிறுவனரின் லாபப் பங்குக்கோ கடைசி இலைதான். முதலீட்டாளருக்குப் போட்ட பணம் திரும்ப வேண்டும். அதன்மேல் வழக்கமாக வருடம் 8 சதவீதம் கூட்டு வளர்ச்சி சேர வேண்டும். பிறகுதான் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பத்துக் கோடியும் சராசரியாக ஆறு வருடம் வேலை செய்தால் 8 சதவீதத்தில் 15.87 கோடி ஆகிறது. 15.5 கோடிதான் திரும்பியது என்றால் நிறுவனருக்கு வெறும் இலை. 20 கோடி திரும்பினால் லாபம் 10 கோடி, அதில் ஐந்தில் ஒன்றாக 2 கோடி.

வரிசை என்றதும் ஞாபகம் வருகிறது. 1998-இல் நம் மொரீஷியஸ் மத்திய வங்கி புது நோட்டு அச்சடித்துத் தமிழை ஒரு வரி கீழே, இந்திக்குப் பின்னால் தள்ளியதே! தமிழர்கள் கொதித்தார்கள், அடுத்த வருடமே அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 'ஒரு வரிக்கா இவ்வளவு ரகளை?' என்று கேட்ட பெரிய மனிதர்களுக்கு இந்தப் பக்கத்தில் இன்னும் மன்னிப்பு இல்லை. வரிசையில் யார் முன்னால் என்பது அற்பமென்றால், பிரைவேட் ஈக்விட்டி ஒப்பந்தத்தில் அதற்காக மட்டும் வக்கீல்கள் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்?

சரி, உங்கள் பிள்ளைக்கு வருவோம். இரண்டு வருட அனுபவத்தில் எக்செல் போடத் தெரிந்திருக்கும். பணம் கொடுப்பவன் கேட்பது வேறு: நீ முன்னின்று வாங்கிய கம்பெனி எது, எத்தனைக்கு வாங்கினாய், எத்தனைக்கு விற்றாய்? சொன்னால் பழைய மேலாளரைக் கூப்பிட்டுச் சரிபார்ப்பான். 1985-இல் பிளாக்ஸ்டோன் என்ற அமெரிக்கப் பிரைவேட் ஈக்விட்டி கம்பெனியைத் தொடங்கிய பீட்டர்சனும் ஷ்வார்ஸ்மனும் லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கியில் பேர் வாங்கியவர்கள். பீட்டர்சன் அமெரிக்க வர்த்தக அமைச்சராகவே இருந்தவர். 4 லட்சம் டாலர் கைக்காசில் ஆரம்பித்தார்கள். அவர்களுக்கே முதல் நிதி சேர 1987 அக்டோபர் ஆகிவிட்டது. அதுவரை தாங்கும் பணம் உங்கள் பிள்ளையிடம் இருக்கிறதா? தட்டுத்தடுமாறி ஒரு கோடி டாலர் திரட்டினாலும் வருடக் கட்டணம் 2 லட்சம்தான். வாடகை, ஆடிட்டர், வக்கீல், விமானச் சீட்டு என்று அது கரைந்துவிடும்.

திரட்டிய பிறகும் சறுக்கும். அதே பிளாக்ஸ்டோன் 1989-இல் எட்கோம் என்ற எஃகு விற்பனைக் கம்பெனியை வாங்கிப் பணத்தை இழந்தது. எஃகு விலை ஏறிக்கொண்டிருந்தபோது, கிடங்கில் மலிவாக வாங்கிப் போட்ட பழைய சரக்கு புது விலைக்குப் போனது. அதை வியாபார லாபம் என்று நம்பிவிட்டார்கள். விலை இறங்கியதும் லாபம் மறைந்தது, கடன் நின்றது. இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு: பழைய கொள்முதல் விலையை விட்டுவிட்டு, இன்று அதே டன்னை வாங்க என்ன விலையோ அதை வைத்துக் கணக்குப் போட வேண்டும். அப்போது மிஞ்சுவதே லாபம்.

கடன்தான் இதில் ஏணியும் பாம்பும். ஒரு கம்பெனியை 100-க்கு வாங்குகிறோம், 40 கைப்பணம், 60 கடன். ஐந்து வருடத்தில் 20 கடனை அடைத்து 150-க்கு விற்றால் கைக்கு 110. வருடத்துக்கு ஏறக்குறைய 22 சதவீதம். கடனை அடைக்காமல் 70-க்கு விற்றால் 40 போட்டவன் கையில் 10. கம்பெனியின் மதிப்பு விழுந்தது 30 சதவீதம், போட்ட பணத்தில் போனது 75 சதவீதம்.

வரியே கிடையாதாம்! அந்தப் பஞ்சாங்கம் பழசு. இந்தியாவும் மொரீஷியஸும் செய்துகொண்ட 1982 வரி ஒப்பந்தத்தை 2016-இல் திருத்திவிட்டார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய இந்தியப் பங்குகளை விற்றால் வரும் லாபத்துக்கு இந்தியாவே வரி போடலாம். இங்கே உரிமம் வாங்கவும் வெறும் கதவு எண் போதாது: இந்த நாட்டில் குடியிருக்கும் இரண்டு இயக்குநர்கள், இங்குள்ள வங்கியில் முதன்மைக் கணக்கு, இங்கேயே தணிக்கை.

அந்த இரண்டு இயக்குநர்களில் ஒருவராக 'அத்தை, சும்மா ஒரு கையெழுத்து' என்று உங்களிடம் காகிதம் நீட்டினால் மட்டும் பேனாவைத் தொடாதீர்கள். சும்மா கையெழுத்துக்கும் பொறுப்பு முழுசாக உண்டு.