விக்டோரிய நாவலும் நாலு பக்க நோட்ஸும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். விக்டோரிய நாவல், அதாவது விக்டோரியா ராணி காலத்து ஆங்கில நாவல், எங்களுக்குத் தனித் தாள். சமூகப் பின்னணி என்று தொழிற்புரட்சி, 1832 சீர்திருத்தச் சட்டம், டார்வின், பெண்கள் நிலை எல்லாம் நாலு பக்க நோட்ஸாகக் கொடுத்திருக்கிறார்கள். மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் நாவலைத் திறந்தால் அந்த நாலு பக்கமும் கதையோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. முதலில் நல்ல வரலாற்றுப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு வரவேண்டுமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

வேண்டாம். நாவலிலேயே தொடங்குங்கள். படித்துக்கொண்டே போகும்போது ஓரிடத்தில் "இவள் ஏன் இதைப் பொறுத்துக்கொள்கிறாள், கிளம்பிப் போகவேண்டியதுதானே" என்று எரிச்சல் வரும் பாருங்கள், அங்கே நிறுத்தி வரலாற்றைத் தேடுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் பணமோ சட்டமோ இருக்கும்.

ஆன் பிராண்டே 1848இல் எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலை எடுத்துக்கொள்வோம். பாழடைந்த ஒரு பழைய வீட்டில் ஹெலன் என்ற பெண் சின்ன மகனோடு குடிவந்து படம் வரைந்து பிழைக்கிறாள். தான் இருக்கும் அந்த வீட்டையே வரைந்துவிட்டு, கம்பர்லாந்தில் உள்ள வேறொரு மாளிகையின் பெயரை அதற்கு வைக்கிறாள். முதலில் படிக்கும்போது ஒன்றும் புரியாது. குடிகாரக் கணவனிடமிருந்து தப்பி வந்தவள் என்பது பிறகுதான் தெரியவரும். தப்புவதற்கு முன்பே அவன் அவளுடைய நாட்குறிப்பைப் படித்துவிட்டு, சாவிகளைப் பிடுங்கி, வண்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பில் போடுகிறான். ஓடிப்போய்க் கையால் உழைத்துச் சாப்பிட்டு என்னை அவமானப்படுத்தப் பார்த்தாயா என்று கேட்கிறான்.

இதை ஒரு கெட்டவனின் கொடுமை என்று மட்டும் படித்தால் பாதிதான் படித்ததாகும். அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி மணமான பெண்ணின் சம்பாத்தியம் கணவனுடையது. அவள் சம்பாதித்தது அவளுக்கே என்று சட்டம் வர 1870 ஆயிற்று, சொத்து முழுவதும் அவளுக்கே என்று வர 1882. கதை நடக்கும் 1820களில் பிள்ளையும் அப்பாவுக்கே உரியது; ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கேட்டு ஒரு தாய் நீதிமன்றப் படியேறவே 1839 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, ஓவியத்துக்கு இட்ட அந்தப் பொய்ப் பெயருக்குள் சட்டம் முழுவதும் இருக்கிறது. இருக்குமிடம் தெரிந்தால் மகனும் போவான், காசும் போகும். உங்கள் நோட்ஸில் 'பெண்கள் நிலை' என்று ஒரு வரியில் இருப்பது இதுதான்.

இன்னொன்று, புத்தகத்தின் விலை. இதை யாரும் வகுப்பில் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். மூன்று தொகுதியாக வந்த நாவல் ஒன்றின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். பண்ணைக் கூலியாள் ஒருவருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வாரக் கூலி சுமார் 10 ஷில்லிங். யார் வாங்குவார்கள்? அதனால் வருடத்துக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) சந்தா கட்டி, மியூடி என்பவர் நடத்திய வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். குடும்பத்தில் எல்லோர் முன்னாலும் வாசிக்கக்கூடியதா என்று பார்த்தே மியூடி வாங்கினார், எழுதுகிறவர்களும் அதைத் தெரிந்தே எழுதினார்கள். பத்திரிகைத் தொடர்களிலும் இதே கெடுபிடிதான். 1891இல் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' நாவல் தொடராக வந்தபோது, வெள்ளத்தில் ஏஞ்சல் என்ற இளைஞன் பால்பண்ணைப் பெண்களைக் கையில் தூக்கிக்கொண்டு கடப்பது கூடாது என்று தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளவைத்தார்கள்! புத்தகமாக வந்தபோதுதான் ஹார்டி அதைத் திரும்பத் தூக்கவைத்தார்.

சரி, நாவலை அப்படியே சரித்திரச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் கூடாது. 1854 ஜனவரியில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரப் பருத்தி ஆலைத் தகராறைப் பார்க்க நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நேரில் போனார். தொழிலாளர்கள் எவ்வளவு அமைதியாகவும் ஒழுங்காகவும் நடந்துகொண்டார்கள் என்று தன் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில் எழுதினார். சில வாரங்களில் அதே இதழில் தொடங்கிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் தொழிற்சங்கப் பேச்சாளரை வெறும் வாய்ச்சவடால்காரனாக, ஒரு நல்ல தொழிலாளியைத் தள்ளிவைக்கத் தூண்டுகிறவனாக ஆக்கிவிட்டார். கண்ணால் பார்த்தது ஒன்று, கதையில் வைத்தது வேறு. ஏழைகள்மேல் உண்மையாகவே இரக்கம் உள்ளவர்தான், ஆனால் அந்த ஏழைகள் தாங்களாகவே அணிதிரண்டு கேட்டபோது அவருக்குள்ளிருந்த நடுத்தர வர்க்கத்து மனிதர் பயந்துவிட்டார் என்றுதான் நான் படிக்கிறேன். பின்னணியும் கதையும் ஒத்துப்போகாத இந்த மாதிரி இடங்களைத்தான் நீங்கள் தேடவேண்டும், ஆய்வுக்கு விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பிரெஸ்டன் கட்டுரையின் பெயர் 'ஆன் ஸ்ட்ரைக்'. இதழ் முழுவதுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வாரம் அதையும் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் சங்கக் கூட்டம் நடக்கும் அத்தியாயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.